செம்பாறை ஊரில் ஏறக்கூடாதவள்

மலை என்றால் என்ன என்று எனக்கு இன்றுவரை யாரும் சரியாகச் சொல்லவில்லை. எவ்வளவு உயரம் இருந்தால் மலை, எவ்வளவு குறைந்தால் மேடு, மொட்டைப் பாறை எதில் சேரும், கார் போகிற மலை கணக்கில் உண்டா இல்லையா? கேட்டால் முறைக்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால் வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஈரோட்டில் இருப்பவருக்கும் தெரியும், டெக்சஸில் ஆலனில் இருப்பவருக்கும் தெரியும். நான் ஒரு வங்கிக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவள். யாராவது ஒரு விதியைச் சொன்னால் அது எங்கே உடைகிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்த விதியை மட்டும் நான் சும்மா விட்டுவிடுவேன் என்று எப்படி நினைத்தார்களோ தெரியவில்லை.

என் கணவர் அந்த வருடம் மார்ச்சில் இறந்தார். மாரடைப்பு. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை, எழுதினால் நிறுத்த முடியாது. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அவருக்கு உயரம் ஆகாது. மாலில் கண்ணாடி லிஃப்ட் என்றால் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொள்வார். கல்யாணமாகி வந்து முதலில் நியூ ஜெர்சியில் பார்சிப்பனியில் இருந்தோம், பிறகு டெக்சஸ். இருபது வருடத்துக்கும் மேல் நண்பர்களோடு எத்தனையோ இடங்களுக்குப் போயிருக்கிறோம். எல்லோரும் மேலே போவார்கள். இவர் அடிவாரத்தில் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார். "நீ வேணா போயிட்டு வா" என்று ஒப்புக்கு ஒரு தடவை சொல்வார். புருஷனைத் தனியாக உட்கார வைத்துவிட்டு எப்படிப் போவது என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார், ஹாஸ்டல் கதை சொல்வார், சிரித்துக்கொண்டிருப்போம். அந்த நேரங்கள் மோசமானவை என்று சொன்னால் பொய். ஆனால் மேலே போனவர்கள் சிவந்த முகத்தோடு இறங்கி வந்து, "நீங்க வந்திருக்கணும், என்னா வியூ!" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குள் சுருக்கென்று தைக்கும்.

அவர் உயிரோடு இருந்ததால் இருபது வருடம் கீழே உட்கார்ந்தேன். இப்போது அவர் இல்லை என்பதால் கீழே உட்கார வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம் என்று நான் கேட்கக்கூடாதா?

ஒவ்வொரு டிசம்பர் லீவுக்கும் எங்களோடு சேர்ந்து வருவது, இங்கே எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு மதுரைக் குடும்பம். அந்தம்மாவை அக்கா என்பேன், அவர் வீட்டுக்காரரை அண்ணா என்பேன். சாவு விழுந்த நாளிலிருந்து ஒரு மாதம் என் வீட்டு அடுப்பைப் பற்றவைக்க விடாமல் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து இறக்கியவர் அக்கா. அதனால் அவரை நான் என்ன கிண்டல் செய்தாலும் உண்ட நன்றியோடுதான் செய்கிறேன். "உனக்கு ஒரு சேஞ்ச் வேணும், இந்தத் தடவையும் போறோம்" என்று பிடிவாதமாக ஏற்பாடு செய்ததும் அவர்தான். அரிசோனாவில் பாலைவனத்துக்கு நடுவே, சுற்றிலும் செக்கச்செவேலென்று பாறைகள் நிற்கும் ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, வெயில் இதமாக இருக்கும் என்று ஃப்ளைட் போட்டு, ஹோட்டல் போட்டு, வேன் புக் பண்ணி, எல்லாம் முடித்த பிறகு, கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் அக்காவுக்கு உறைத்தது.

"ஏய், அங்க எல்லாமே மலைல்ல?" என்றார் போனில்.

சாவு நடந்த வீட்டுக்காரிக்கு ஆறுதல் தர, ஏறுவதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்த ஜனமும் இந்தத் தப்பைச் செய்யாது. அதை அக்காவிடமே கிண்டலாகச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. பணம் திரும்பி வராது என்பதால் கேன்சல் செய்ய முடியாது, அதனால் போகலாம், ஆனால் நானும் என் மகளும் ஏறக்கூடாது என்று முடிவு சொன்னார்.

கிளம்பும் முன் ஈரோட்டிலிருந்து என் கொழுந்தனார் கூப்பிட்டார். கணவருக்கு ஒரே தம்பி, நூல் வியாபாரம், மரியாதைக்குக் குறைவில்லாத மனிதர். "அண்ணி, போயிட்டு வாங்க, வேண்டாங்கல. மலை மட்டும் ஏறிப்போடாதீங்க. வருசந் திரும்பலீங்களே. ஏறுனா நமக்கு ஒண்ணுமில்லீங்க, புள்ளைக்கு ஆகாதும்பாங்க" என்றார்.

அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கிருப்பது ஒரே மகள். ஆஸ்டினில் காலேஜ் படிக்கிறாள். அவளுக்கு ஆகாது என்று யாராவது தும்மினால்கூட எனக்குத் தூக்கம் போய்விடும். நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே அந்த வார்த்தையை ஃபீனிக்ஸ் வரைக்கும் விமானத்தில் சுமந்துகொண்டு போனேன். நம்பாததற்குப் பயப்படுவது என்ன வகை முட்டாள்தனம் என்று எனக்கே என் மேல் கோபம்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் விசிட்டர் சென்டர். கவுண்டரில் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மாள், குளிர்காலத்தில் இங்கே என்னென்ன செய்யலாம் என்று ஆசை ஆசையாக அடுக்கினார். கோடையில் பாறை கொதிக்கும், இப்போதுதான் ஏற நல்ல காலம். பனி விழுந்தால் சிவப்பு மேல் வெள்ளை, பார்க்கக் கண் கோடி வேண்டும். ஜீப்பில் போகலாம், ராத்திரி நட்சத்திரம் பார்க்கலாம், ஓடைக்கரையில் கழுகு பார்க்கலாம், ஸ்பா இருக்கிறது, ஒயின் இருக்கிறது. அக்கா ஒவ்வொன்றுக்கும் என் காதில் தீர்ப்பு சொல்லிக்கொண்டே வந்தார். கழுகு பார்க்கலாம், அது மேலே இருந்தாலும் நாம் கீழேதானே நிற்கிறோம். நட்சத்திரமும் அப்படியே. ஸ்பாவில் எண்ணெய் தேய்ப்பார்கள், துக்க வருஷத்தில் அது சரியா என்று மதுரைக்கு ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும். ஒயின் அண்ணாவுக்கு மட்டும்.

இந்த ஊரில் சில பாறைகளின் உச்சியில் ஒரு சக்தி சுழல்கிறது, வோர்டெக்ஸ் என்று பேர், அங்கே போய் உட்கார்ந்தால் மனக்காயம் ஆறும் என்று உலகமெங்குமிருந்து ஜனங்கள் வருகிறார்கள். அதையும் அந்த அம்மாள் சொன்னார். அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறை. வெள்ளைக்காரர்கள் சொன்னால் பாறைக்கும் பவர் வந்துவிடுகிறது. ஆக, துக்கம் ஆற வேண்டுமென்றால் மேலே போக வேண்டும், துக்கம் இருப்பவள் மேலே போகக்கூடாது. நாங்கள் படுத்துத் தூங்கிய ஹோட்டலே கிட்டத்தட்ட ஏற்காடு உயரத்தில் இருந்தது. அதை நான் சொன்னபோது, "அது ஊரு, மலையில்ல" என்றார் அக்கா.

மறுநாள் ஜீப். "வண்டிதான் ஏறுது, நீ உக்காந்துதான இருக்க" என்று அக்காவே அனுமதி கொடுத்திருந்தார். மேற்கூரை இல்லாத ஜீப், டிரைவர் ஒரு தாடிக்கார இளைஞர், பாறை மேலேயே செங்குத்தாக ஏற்றிக்கொண்டு போனார். என் மகள் கத்திக்கொண்டே வந்தாள், அண்ணா கண்ணை மூடிக்கொண்டு வந்தார். ஒரு மேட்டு விளிம்பில் நிறுத்தி, எல்லோரும் இறங்கி போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றார் டிரைவர். நான் பெல்ட்டைக் கழற்றினேன். அக்கா என் கையைப் பிடித்தார். "நீ இறங்காத. வண்டியிலயே இரு. கால் பட்டாத்தான் கணக்கு."

மகளையும் இருக்கச் சொன்னார். அவள் காதில் வாங்காமல் குதித்து இறங்கிப் போய்விட்டாள். நான் இருந்தேன். எல்லோரும் விளிம்பில் நின்று கையை விரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் ஜீப்புக்குள் பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்தேன். டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு அக்காவிடம், அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அக்கா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உண்மையைச் சொன்னார்.

"ஷீ இஸ் நாட் அலௌட்."

அந்தப் பையன் முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்தான், அண்ணாவைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான். போலீசுக்குப் போன் பண்ண வேண்டுமா என்பது மாதிரி கண்ணால் கேட்டான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நான் வரி கட்டுகிறேன், வீட்டுக் கடன் கட்டுகிறேன், ஒரு டீமையே மேய்க்கிறேன், புருஷனைத் தனியாளாக மருத்துவமனையிலிருந்து சுடுகாடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவள். எனக்கு ஜீப்பை விட்டு இறங்க அனுமதி இல்லை. அதுவும், தடுப்பவர் யார் என்று பார்த்தால், யாருமே இல்லை. நானேதான் பெல்ட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஹோட்டல் அறையில் மகளிடம், "நாளைக்கு நான் ஏறப்போறேன் கண்ணு" என்றேன். போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஃபைனலி" என்றாள். அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான்.

விடிந்தபோது பனி விழுந்திருந்தது. ஜன்னல் திரையை விலக்கினேன். சிவப்புப் பாறை ஒவ்வொன்றின் தலையிலும் கோலமாவு கொட்டின மாதிரி வெள்ளை. ஊர் எல்லையில், இட்லிப் பானையைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு பாறை நின்றது. அதன் தோள் வரைக்கும் ஒற்றையடிப் பாதை போகிறது, அதற்கு மேல் கை வைத்து ஏற வேண்டும். அதில்தான் ஏறுவது என்று முடிவு செய்தேன்.

காலைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அக்கா கையிலிருந்த டோஸ்ட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் உன் நல்லதுக்குத்தான சொல்றேன்" என்றார். கண் கலங்கிவிட்டது.

"தெரியும்க்கா. ஒம்பது மாசமா எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொல்றீங்க. பூ வைக்காதே, கல்யாணத்துக்கு வராதே, கோயிலுக்குப் போகாதே, மேல ஏறாதே. எல்லாத்தையும் கேட்டுட்டேன்ல? என்ன நல்லது நடந்துச்சு, ஒண்ணு சொல்லுங்க."

அக்கா எழுந்து காபி எடுக்கப் போய்விட்டார். அண்ணாதான், "மேல ஐஸா இருக்கும்மா, ஷூ சரியா இருக்கான்னு பாரு" என்றார். அந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான அறிவுரை அதுதான். கடைக்குப் போய் ஷூவுக்கு அடியில் மாட்டுகிற, சங்கிலியில் இரும்புப் பல் வைத்த ரப்பர் வாரை இரண்டு ஜோடி வாடகைக்கு எடுத்தோம். வெயில் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருந்து, பிறகு நானும் மகளும் கிளம்பினோம். அக்காவும் அண்ணாவும் பார்க்கிங்கில் வேனுக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் பாதி சுலபம். ஜுனிப்பர் மரங்களுக்கு நடுவே நடை, காலுக்கடியில் பனி நறநறவென்றது. மூச்சு வாங்கியது, ஆனால் ஏறுகிறோம் என்ற எண்ணமே போதையாக இருந்தது. பாதை முடிந்து பாறை தொடங்கியதும் எனக்கு நிற்க வரவில்லை. இரண்டு கையையும் ஊன்றிவிட்டேன். நாலு காலில் போனேன். மகள் எனக்கு முன்னால் நின்று திரும்பிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். அவள் போனை எடுத்து என்னைப் படம் பிடித்துக்கொண்டே பின்பக்கமாக ஏறினாள். "அம்மா, யூ லுக் லைக் எ லிஸர்ட்!" என்றாள். பல்லியோ ஓணானோ, வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று நான் கத்தினேன். அடுத்த நொடி அவள் இல்லை.

விழுந்தது பெரிய உயரமில்லை. ஆள் உயரம்கூட இருக்காது. ஆனால் ஒரு சத்தம் கேட்டது, பிறகு "அம்மா" என்றாள், வேறு குரலில். நான் அவளிடம் போய்ச் சேர்வதற்குள் என் மண்டைக்குள் ஈரோட்டுக் குரல் முழுசாக ஒலித்து முடித்திருந்தது. புள்ளைக்கு ஆகாதும்பாங்க. இடது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி பனியில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்: நான் இனிமேல் ஏறவே மாட்டேன், ஏறவே மாட்டேன் என்று யாரிடமோ கெஞ்சினேன். யாரிடம் என்று தெரியாது. ஒருவேளை என் கணவரிடம்தான்.

மெல்ல மெல்ல இறங்கினோம். அண்ணா ஓடி வந்து தாங்கிக்கொண்டார். ஊரிலேயே இருந்த அர்ஜென்ட் கேர் கிளினிக்குக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டில் மயிரிழை விரிசல், அசையாமல் இருக்க ஸ்ப்ளின்ட் போட்டால் போதும், சின்ன வயசு, சீக்கிரம் கூடிவிடும் என்றார் டாக்டர்.

அக்கா "நான் சொன்னேன்ல" என்று சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தடவிக்கொண்டே அழுதார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சாமி குத்தம்னுலாம் நானும் நம்பலடி. எங்கம்மா வேற ஒண்ணு சொல்லுவாங்க. துக்கத்துல இருக்கறவங்க உச்சில போய் நின்னா மனசு ஒரு மாதிரி ஆயிருமாம். கீழ பார்த்தா பள்ளம் கூப்பிடுமாம். அதுக்குத்தான் அந்தக் காலத்துல ஏறாதன்னு வச்சிருக்காங்க. உன்னைய நினைச்சா எனக்கு அதான் பயம்."

எதிரில் ஸ்ப்ளின்ட் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதத்தில் அக்கா என்னிடம் பேசிய உருப்படியான பேச்சு அது. அதைச் சொல்ல அவருக்கு இத்தனை நாள் பிடித்திருக்கிறது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, எழுந்து ஓட வேண்டும் போலவும் இருந்தது.

வேனில் திரும்பும்போதே அடுத்த ஏற்பாடு தொடங்கிவிட்டது. "ஊர்ல கேட்டா பாத்ரூம்ல வழுக்கிருச்சுன்னு சொல்லிருவோம்" என்றார் அக்கா. அண்ணா தலையாட்டினார். மகளும், "யா அம்மா, டோன்ட் டெல் சித்தப்பா, ப்ளீஸ். ஹி வில் நெவர் ஸ்டாப்" என்றாள். மூன்று பேரும் ஒரே கட்சி. நம் குடும்பங்களில் பொய்தான் பொதுச் சொத்து, ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிப் பிடிப்போம். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

அறைக்கு வந்ததும் மகள் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வலது கையால் போனை நீட்டினாள். "யூ ஹேவ் டு சீ திஸ்" என்றாள். அவள் எடுத்த வீடியோ. ஒரு நடுத்தர வயதுப் பெண் மூக்குச் சிவந்து, தொப்பி ஒரு பக்கம் நழுவி, நாலு காலில் பாறை மேல் வருகிறாள். வாய் நிறையச் சிரிக்கிறாள். மார்ச்சுக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. அது என் சிரிப்பு என்று அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு படம் ஒரு குலுக்கு குலுங்கி வானத்தைக் காட்டியது. நான் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். குலுங்கின அந்த ஒரு நொடியில் அவளுடைய கால், அதற்கடியில் பனி உறைந்து கண்ணாடியாக இருந்த இடம், எல்லாம் தெரிந்தது. பின்பக்கமாக நடந்தாள், பார்க்கவில்லை, வழுக்கியது. செத்துப்போன மனிதர் யாரும் அவளைத் தள்ளிவிடவில்லை. அந்த மனிதர், இவள் சைக்கிள் பழகின காலத்தில் கூடவே குனிந்துகொண்டு ஓடி முதுகுவலியை வாங்கிக்கொண்டவர். அவர் தள்ளிவிடுவாரா? இந்த விதியை நம்புவதென்றால் அதைத்தான் நான் நம்ப வேண்டும். நம்பமாட்டேன்.

இங்கே சாயங்காலம், ஈரோட்டில் காலை. நானே கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். மகள் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"தம்பி, நாங்க மலை ஏறினோம். புள்ள விழுந்துட்டா. கையில சின்ன விரிசல். நல்லாத்தான் இருக்கா."

"நாஞ் சொன்னனுங்களே அண்ணி" என்றார். குரல் உடைந்திருந்தது, கோபமில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சொன்னீங்க தம்பி. நீங்க மே மாசம் ஊட்டிக்குப் போனீங்களே. தொட்டபெட்டா போர்டு முன்னாடி ஸ்வெட்டர் போட்டு நின்னு குரூப்ல போட்டோ போட்டீங்களே. அவரு உங்களுக்கும் அண்ணன்தானே?"

"அது டீலர் மீட்டிங்குங்க. தொழில் விசயமுங்க."

"எனக்கும் இது வேலைதான் தம்பி. நான் பொழைக்கணும்ல. நாளைக்குக் காலைல மறுபடியும் ஏறப்போறேன். அவ கீழ இருப்பா, நான் மட்டும். உங்களுக்குத் தெரியாம செய்யக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

"அண்ணி, வேண்டாங்க" என்றார். இரண்டு தடவை சொன்னார். நான் வைத்துவிட்டேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போர்வையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் வானம் பளிச்சென்று இருந்தது. அக்கா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஆனால் ஹோட்டல் அறை மைக்ரோவேவில் சாதம் வைத்து, கொண்டுவந்திருந்த புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறி ஒரு டப்பாவில் என் பையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணா எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டு அக்காவுக்குத் துணையாகத் திரும்பிப் போனார். மகள் தன்னுடைய மஞ்சள் ஜாக்கெட்டை எனக்குப் போட்டுவிட்டாள். "ஸோ ஐ கேன் ஸீ யூ" என்றாள். ஒற்றைக் கையால் ஜிப்பை இழுத்துவிட்டாள்.

தனியாக ஏறினேன். வழுக்கிய இடத்தை அடையாளம் கண்டு சுற்றிக்கொண்டு போனேன். பயமில்லாமல் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் கால் தயங்கியது, பாறையின் குளிர் கையுறைக்குள் இறங்கியது, பாதி வழியில் ஒருதரம் குந்தி உட்கார்ந்து, போதும் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். திரும்பினால் ஈரோட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று தோன்றியது. அந்த எரிச்சலே மிச்சத் தூரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

மேலே இடம் சமதளமாக இருந்தது. யாரும் இல்லை. நாலு பக்கமும் சிவப்பு, சிவப்புக்கு மேல் வெள்ளை, அதற்கு மேல் கண் கூசுகிற நீலம். இருபது வருடமாக இதைத்தான் இவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. உயரத்துக்குப் பயந்த மனிதர் மேல் ஆத்திரம், அவரைச் சாக்குக் காட்டி உட்கார்ந்துகொண்ட என் மேல் ஆத்திரம், இதைக் காட்டாமலே போய்விட்டாரே என்று அழுகை. காற்றைத் தவிரக் கேட்க ஆளில்லை என்பதால் சத்தமாகவே அழுதேன்.

பிறகு விளிம்புக்குப் போனேன். அக்கா சொன்னதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன், மறைப்பதற்கில்லை. கால் நுனிக்கு அப்பால் பாறை சரிந்து போய், வெகு கீழே பார்க்கிங், அதில் ஒரு புள்ளி, என் மகள். கூப்பிடுகிறதா என்று நின்று கவனித்தேன். ஏப்ரலில் யாராவது இந்த இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு வந்த பதில் எனக்கே வெட்கமாக இருந்தது. எனக்குப் பசித்தது. வயிறு ஒட்டிப்போகிற பசி.

போன் அடித்தது.

"அம்மா" என்றாள். "ஸ்டெப் பேக்."

"என்ன கண்ணு?"

"ஸ்டெப் பேக். ப்ளீஸ். ப்ளீஸ்மா, ஜஸ்ட் ஸ்டெப் பேக்."

குரல் நடுங்கியது. குளிரில் இல்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அர்ஜென்ட் கேரில் அக்கா சொன்னது அவளுக்குப் புதுச் செய்தியே இல்லை. மார்ச்சிலிருந்து வாரம் தவறாமல் ஆஸ்டினிலிருந்து டிரைவ் பண்ணிக்கொண்டு வந்தாளே, துணி துவைக்க வருகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் என்னைக் காவல் காத்திருக்கிறாள். பத்தொன்பது வயதுப் பெண், ஒரு வார்த்தை சொல்லாமல், ஒன்பது மாதமாக. அந்தப் பயத்தோடுதான் எனக்கு ஜிப்பை இழுத்துவிட்டு மேலே அனுப்பியிருக்கிறாள். என்னைவிடத் துணிச்சல்காரி அவள்தான்.

நான் பின்னால் வந்தேன். நாலடி, ஐந்தடி, தாராளமாகவே வந்தேன்.

"வந்துட்டேன் கண்ணு. பாரு, கை ஆட்டறேன். தெரியுதா?"

"யா."

"சாகறதுக்கு யாராவது நாலு கால்ல ஏறி வருவாங்களா? அதுவும் ரெண்டு நாள்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"நல்லாக் கேட்டுக்க. நான் எங்கயும் போகமாட்டேன். உங்கப்பா போயிட்டாரு, நான் போகமாட்டேன். இங்க ரொம்ப நல்லா இருக்கு. உடனே இறங்க மாட்டேன். சாப்பிட்டு, நல்லாப் பார்த்துட்டு, மெதுவாத்தான் வருவேன். நீ வெயிட் பண்ணு."

"ஓகே" என்றாள். "பட் டோன்ட் ஹேங் அப்."

வைக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் பனி இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பாறை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்தேன்.